சுங்கச்சாவடித் தாரிங்காவும் சுற்றிப் போன தம்பியும்

மலையைக் குடைந்து போட்ட சுரங்கச் சாலை முடிந்து கடல் தெரியும் இடத்தில் எங்கள் சுங்கச்சாவடி இருக்கிறது. அங்கே மூன்றாம் நம்பர் கூண்டில் உட்கார்ந்திருப்பவள் தாரிங்கா. வயது ஐம்பத்தாறு. சுரங்கம் திறந்த நாளிலிருந்து, அதாவது பத்தொன்பது வருடமாக, அதே கூண்டு, அதே நாற்காலி. ஊர்க்காரன் வண்டி வந்தால் தலையைத் தூக்காமல் காசை வாங்கிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். வாடகைக் கார் வந்துவிட்டால் போதும், பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஓட்டுகிறவர் முகத்தை உற்றுப் பார்ப்பாள்.

வாடகைக் காரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆகஸ்டு மாதத்தில் தூசி இல்லாமல் ஒரு வண்டி வந்தால் அது வாடகை வண்டி. ஓட்டுகிறவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பார். பக்கத்தில் மனைவி மடி நிறையச் சில்லறையோடு உட்கார்ந்திருப்பார். சாவடியைப் பார்த்ததும் இருவருக்கும் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி ஒரு முழி வரும். போக மட்டுமா, வரவும் சேர்த்தா? கார்டு செல்லுமா? கண்ணாடியில் ஏதாவது ஒட்டியிருக்க வேண்டுமா? ஊருக்குப் போன பிறகு கார் கம்பெனி தனியாக அபராதம் போடுமா? எல்லாக் கேள்விக்கும் தாரிங்காவிடம் ஒரே பதில்தான்: "இரண்டரை யூரோ, அவ்வளவுதான், வேறு ஒன்றும் வராது." இதை அவள் ஏழு மொழியில் சொல்வாள். அந்த ஏழு மொழியிலும் அவளுக்கு வேறு ஒரு சொல் தெரியாது.

அப்படி எட்டி எட்டிப் பார்த்ததற்கு அவளுக்கு வருடா வருடம் பாராட்டுத் தாள் கிடைத்தது. வெளிநாட்டுப் பயணிகளிடம் மிகவும் இன்முகம் காட்டும் ஊழியர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவள் கணவன் யாகோஷ் அவற்றைக் கோழிக்கூட்டுக் கதவில் வரிசையாக ஒட்டி வைத்தான். "கோழிங்களாவது நம்பட்டும்" என்றான்.

இன்முகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் தேடியது ஒரே ஒரு முகத்தை. தம்பி மித்தரின் முகத்தை.

மித்தர் அவளுக்கு ஆறு வயது இளையவன். ஸ்வீடனில் கோத்தன்பர்க் ஊரில் பஸ் ஓட்டுகிறான். அவன் முதல்முதலாக வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது சுரங்கம் கிடையாது. பழைய மலைப்பாதையில்தான் போக வேண்டும், முப்பத்தெட்டு வளைவு. தாரிங்காவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் விமான நிலையம் வரை கூடப் போனாள். முப்பத்தெட்டு வளைவுக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே போனாள். சுரங்கம் திறந்து அவளுக்கு வேலை கிடைத்த அன்று அவன் போன் செய்து, "அக்கா, இனிமே நீ வாந்தி எடுக்க வேணாம்" என்று சொல்லிச் சிரித்தான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் விமானத்தில் வந்து இறங்கி, ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, சுரங்கம் வழியாக நேரே அவள் கூண்டுக்கு வருவான். அக்கா முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு ஊர் வந்த மாதிரி இருக்கும். அவன் மனைவிக்கும் அது தெரியும், மூன்று நாள் அவனை அக்கா வீட்டிலேயே விட்டுவிடுவாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதில்தான் மண் விழுந்தது. காரணம் இரண்டரை யூரோ.

எங்கள் ஊரில் நான்கு பேர் காப்பி குடித்தால், குடிக்க ஆகும் நேரத்தைவிட யார் பில் கொடுப்பது என்று அடித்துக்கொள்ள ஆகும் நேரம் அதிகம். ஒருவன் கழிப்பறைக்குப் போகிற மாதிரி எழுந்துபோய் ரகசியமாகக் கொடுத்துவிட்டு வருவான். மற்றவன் கடைக்காரன் சட்டையைப் பிடித்து, "அவன் காசை ஏன் வாங்கின?" என்பான். அது அன்பு. வெளியூர்க்காரர்களுக்கு அது கைகலப்பு மாதிரி தெரியும்.

அந்த வருடம் மித்தர் தன்னோடு வேலை செய்யும் இரண்டு ஸ்வீடன்காரர்களைக் காரில் கூட்டி வந்தான். தாரிங்கா சாவடியின் தடுப்புக் கம்பை உயர்த்தி, "போ போ, உனக்கு நான் கட்டிட்டேன்" என்றாள். எப்போதும் சிரித்துக்கொண்டு போகிறவன் அன்று, நண்பர்கள் முன்னால் என்று நினைத்தானோ என்னவோ, இருபது யூரோ நோட்டை நீட்டினான்.

"புடி அக்கா. நான் என்ன பிச்சைக்காரனா?"

"என் தம்பிகிட்ட காசு வாங்க நான் என்ன அந்நியமா?"

அவன் நோட்டைக் கூண்டுக்குள் எறிந்தான். அவள் அதைக் காருக்குள் எறிந்தாள். ஐந்து தடவை போய் வந்தது அந்த நோட்டு. பின்னால் ஹாரன் சத்தம் சுரங்கத்துக்குள் நுழைந்து எதிரொலித்தது. கம்பு உயர்ந்தே இருந்தது, ஆனால் காசை வாங்காமல் நகர மாட்டேன் என்று வண்டியை அணைத்துவிட்டான் மித்தர். வரிசை ஒரு கிலோமீட்டருக்கு நின்றது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"என் சொந்த மண்ணுல என்னை விருந்தாளி ஆக்கிட்டல்ல?" என்று கத்தினான் மித்தர். "இனிமே உன் பொந்துக்குள்ள நான் நுழைஞ்சா ஏன்னு கேளு!"

"போடா! ஆடு மாதிரி மலையைச் சுத்திக்கிட்டுப் போ!" என்றாள் தாரிங்கா.

அவன் அப்படியே போனான். அதற்கப்புறம் எட்டு ஆகஸ்டு மாதம் வந்தான், எட்டுத் தடவையும் அந்த முப்பத்தெட்டு வளைவைச் சுற்றியே அப்பா வீட்டுக்குப் போனான், சுற்றியே திரும்பினான். அவள் வீட்டுக்கும் அப்பா வீட்டுக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர். அவள் போகவில்லை. அவன் வரவில்லை. வருடத்துக்கு ஒரு வண்டி, ஒரு நிறம் என்று எடுப்பான் என்பதால், ஒரு நாள் மனசு மாறி வந்துவிட்டால் தெரியாமல் போய்விடுமே என்று அவள் எல்லா வாடகைக் காரையும் எட்டிப் பார்த்தாள். வீட்டில் கேட்டால், "எவன் தேடுறான் அவனை?" என்பாள்.

இந்த ஆகஸ்டில் அவள் மகன் பால்ஷாவுக்குக் கல்யாணம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண், பெயர் சென்கா. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாகக் கார்களில் போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். அந்த ஊர்வலத்துக்குத் தலைவன் தாய்மாமன். முதல் வண்டி அவனுடையது. வழிச்செலவு, வாத்தியக்காரர்கள், சுங்கம், எல்லாம் அவன் கை. தாய்மாமன் உயிரோடு இருக்க வேறு ஒருவன் முன்னால் போனால், அந்த வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும், தாரிங்காவுக்கே தாங்காது. மித்தர் இல்லாமல் அந்தக் கல்யாணத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பால்ஷா மாமனுக்குப் போன் செய்தான். "உங்கம்மா கூப்பிடட்டும், வரேன்" என்றான் மித்தர்.

"அவனுக்கு வழி தெரியாதா?" என்றாள் தாரிங்கா.

யாகோஷ் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னான்: "உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு தலைதான். அதுவும் கருங்கல்லு."

"நீ சும்மா இருய்யா."

"நான் சும்மாதான் இருக்கேன், ஒன்பது வருஷமா. எனக்கும் அவனோட சீட்டு விளையாடணும்னு ஆசை இருக்காதா?"

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. காலையில் எழுந்து பரணிலிருந்து மரக்குடுவையை எடுத்தாள். எங்களிடம் கல்யாணத்துக்கு அழைப்பதற்கு ஒரு முறை உண்டு. தட்டையான மரக்குடுவையில் திராட்சைச் சாராயம் ஊற்றி, கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, ஒரு பச்சிலைக் கொத்தைச் செருகி அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் ஒரு வாய் குடித்துவிட்டால் வருகிறேன் என்று அர்த்தம். குடித்தவர் குடுவையைத் தன் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் தாரிங்காவுக்குப் பிடித்திருந்தது, பேச வேண்டிய அவசியமே இல்லை என்பது. குடுவை பேசிவிடும்.

கொண்டு போய்க் கொடுக்கக் கால் எழவில்லை. அதற்குத்தான் ராய்க்கோவைப் பிடித்தாள். ராய்க்கோ ஒரு சின்ன வாடகைக் கார் கம்பெனியில் வேலை செய்கிறவன். விமான நிலையத்துக்கும் கடற்கரைக்கும் கார்களைக் கொண்டு போய்க் கொண்டு வந்து கொண்டிருப்பான். மித்தர் இந்தத் தடவை அவர்களிடம்தான் கார் சொல்லியிருந்தான், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு.

"இதை அவன் வண்டியில முன் சீட்டுல வை" என்று கூண்டு ஜன்னல் வழியாகக் குடுவையை நீட்டினாள்.

"ஐயோ தாரிங்காக்கா! வண்டிக்குள்ள சாராயம் வச்சா முதலாளி என்னைத் தொலைச்சிடுவான்."

"நீ அவனுக்குப் பயப்படுறியா, எனக்குப் பயப்படுறியா?"

ராய்க்கோ யோசித்தான். "அவனை மாசத்துக்கு ஒருக்காதான் பாக்குறேன். உங்களைத் தினமும் ரெண்டு தடவை பாக்கணும். குடுங்க. வெள்ளை வண்டி, நம்பர் கடைசியில நாப்பத்தேழு."

வியாழக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அவளுக்கு வேலை. கணக்குப் போட்டு வைத்திருந்தாள். குடுவையைப் பார்த்தால் குடிப்பான். குடித்தால் திருப்பிக் கொடுக்க வர வேண்டும். வந்தால் சுரங்கம் வழியாகத்தான் வருவான். பன்னிரண்டுக்கு ஒரு லாரிக்காரனிடம் காசை இரண்டு தடவை கேட்டுத் திட்டு வாங்கினாள். பன்னிரண்டே காலுக்குச் சுரங்க வாயிலிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. நாற்பத்தேழு.

தாரிங்கா ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை வந்துவிட்டாள்.

உள்ளே மித்தர் இல்லை. முன் வழுக்கையும் வெயிலில் சிவந்த மூக்குமாக ஒரு மனிதர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கன்னம் சிவந்து, சந்தோஷமாக, மடியில் குடுவையோடு உட்கார்ந்திருந்தாள். சிவப்பு நூல், பச்சிலை, எல்லாம் அப்படியே இருந்தது.

"எஸ்தோனியாவிலிருந்து வரோம்" என்றாள் அந்த அம்மாள், தெரிந்த பாஷையைத் துண்டு துண்டாகச் சேர்த்து. "கார் கம்பெனி பரிசு வச்சிருக்காங்க. ரொம்ப நல்லா இருக்கு! இவர் ஓட்டுறார், அதனால நான் மட்டும்." குடுவையை ஆட்டிக் காட்டினாள். பாதி காலி.

தாரிங்காவுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. ஒன்பது வருடம் கழித்து ஒரு தடவை இறங்கி வந்தால், அழைப்பை எஸ்தோனியாக்காரி குடித்துவிட்டாள். ஆனால் குடித்தது குடித்ததுதான். குடித்தவள் கல்யாணத்துக்கு வந்தாக வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை என் பையனுக்குக் கல்யாணம்" என்றாள் தாரிங்கா, கையாலும் முகத்தாலும். "நீங்க வரீங்க. கட்டாயம்." கம்பை உயர்த்தினாள். "காசு வேணாம். கல்யாண வீட்டு ஆளுங்க காசு குடுக்கக் கூடாது."

அந்த மனிதருக்குக் கல்யாணம் புரிந்ததோ இல்லையோ, காசு வேண்டாம் என்பது புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. எண்ணி வைத்திருந்த சில்லறையை நீட்டி ஏதோ சொன்னார், மனைவி அதைத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தாள். "அம்மா, தயவுசெஞ்சு வாங்கிக்குங்க. போன வருஷம் வேற நாட்டுல ஒரு சுரங்கத்துல கட்டாம வந்துட்டோம். மூணு மாசம் கழிச்சு கார் கம்பெனி மூலமா கடிதம் வந்துச்சு, எங்களைத் திருடங்க மாதிரி எழுதியிருந்தாங்க. நான் காசு கட்டினவனா போகணும். ரசீது வேணும்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். தாரிங்கா அந்த நீட்டிய கையையே பார்த்தாள். அந்த மனிதர் கெஞ்சிக்கொண்டிருந்தார், அவள் கொடுக்கும் சலுகை அவரை அவமானப்படுத்திக்கொண்டிருந்தது. இன்னொரு கை, ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே ஜன்னலில் நீண்ட கை, அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தாள்.

காசை வாங்கினாள். ரசீதைக் கிழித்து, பின்பக்கம் வீட்டு விலாசத்தையும் ஞாயிற்றுக்கிழமை என்பதையும் எழுதிக் கொடுத்தாள். குடுவையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அந்த மனிதர் ரசீதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் போனார்.

உடனே ராய்க்கோவுக்குப் போன் போட்டாள். "எருமை மாடே!"

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. உங்க தம்பி அந்த வண்டி டயரைக் குனிஞ்சு பாத்துட்டு, இதுல வளைவு ஏற மாட்டேன்னு நீல வண்டியை வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் அப்ப சாப்பிடப் போயிருந்தேன். அவர் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆச்சு. மலை மேல ஏறியிருப்பாரு." கொஞ்சம் தயங்கினான். "குடுவை விஷயத்தை நானே போன்ல சொல்லிடட்டுமா?"

"வாயத் தொறந்தியோ, உன் வண்டி ஒண்ணுகூட இந்தக் கம்பைத் தாண்டாது."

"சரிக்கா, சொல்லல."

தாரிங்கா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். முன்னால் நின்றவன் காசை நீட்டிக்கொண்டு நின்றான். ஒன்பது வருடம் அவளைத் தூக்கி நிறுத்திய வீம்பு அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குக் கனத்தது, அலுத்தது.

"ராய்க்கோ."

"சொல்லுங்க."

"சொல்லிடு."

வேலை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மலைப்பாதையில் வண்டியைத் திருப்புவது லேசான காரியம் இல்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பஸ் ஓட்டுகிறவனுக்கு முடியும். ஆனால் மனசு வர வேண்டுமே. ஒன்றரைக்கு ஒரு நீலக் கார் வந்தது, அதில் நான்கு போலந்துக்காரர்கள். ஒன்றே முக்காலுக்கு இன்னொரு நீலம், அதில் ஒரு பாதிரியார். இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்கு மில்ஹானா வந்து தோளைத் தொட்டாள். "எழுந்திரு தாரிங்கா, என் நேரம்."

"அஞ்சு நிமிஷம் குடுடி."

மில்ஹானா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

அந்த ஐந்தாவது நிமிடத்தில் நீலக் கார் வந்தது. மெதுவாக வந்தது, பஸ் நிறுத்தத்துக்கு வருகிற மாதிரி. ஜன்னல் இறங்கியது. மீசை நரைத்திருந்தது. முன் தலையில் முடி போயிருந்தது. அவள் எட்டிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அவன் முகம் நேரே அவள் முன்னால் இருந்தது. மித்தர் கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு இரண்டு யூரோ நாணயம், ஒரு அரை யூரோ நாணயம்.

தாரிங்கா வாங்கினாள். பெட்டியில் போட்டாள். ரசீதைக் கிழித்து அவன் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிட்டியே" என்றான் மித்தர்.

"குடுத்தா வாங்க மாட்டாங்களா? ஒழுங்கா குடுத்திருக்கணும், எறியக் கூடாது."

"சரி. குடுவை எங்க?"

எடுத்துக் கொடுத்தாள். ஆட்டிப் பார்த்தான். "பாதிதான் இருக்கு! யார் குடிச்சா?"

"எஸ்தோனியாக்காரி ஒருத்தி. அவளும் ஊர்வலத்துல வருவா."

மித்தர் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டான். ஓட்டுகிறவனுக்கு அது போதும் என்று எங்கள் ஊரில் ஒப்புக்கொள்வார்கள். பிறகு தன் கையாலேயே குடுவையைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை முப்பத்தோரு வண்டிடா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போக வர எல்லாம் உன் காசு. நான் ஒரு சென்ட் போட மாட்டேன்."

"உன் கூட்டாளிங்க வாங்குவாங்களா?"

"வாங்கலேன்னா விரலை ஒடிப்பேன்னு சொல்லிடுறேன். கேட்டியா மில்ஹானா?"

"அம்மா தாயே, கேட்டேன், நீ முதல்ல எழுந்திரு" என்றாள் மில்ஹானா.

ஞாயிற்றுக்கிழமை தாரிங்கா ஊர்வலத்தோடு போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வீட்டில் காத்திருக்க வேண்டும் என்பது முறை. மாலையில் ஹாரன் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினாள். முதலில் மித்தரின் நீலக் கார், கண்ணாடியில் பூப்போட்ட துண்டு கட்டியிருந்தது. எண்ணினாள், முப்பத்திரண்டு வண்டி. கடைசியில் வெள்ளைக் கார் நாற்பத்தேழு, அதிலும் ஒரு துண்டு. எஸ்தோனியாக்காரர் சாவடியில் தன் காசைத் தானே கட்டுவேன் என்று அடம் பிடித்தாராம். மித்தர் இறங்கிப் போய் அவரிடம் கத்திய கத்தலில் பெண் வீட்டு வாத்தியக்காரன் பயந்து வாசிப்பதை நிறுத்திவிட்டானாம். "காசு நான்தான் கட்டினேன், ஆனா ரசீதை அவர்கிட்ட குடுத்துட்டேன் அக்கா, இல்லேன்னா அழுதுடுவார் போல இருந்துச்சு" என்றான் மித்தர்.

எட்டு நாள் கழித்து அவன் ஊருக்குத் திரும்பினான். தாரிங்கா மேற்பார்வையாளரிடம் கேட்டு, அன்று மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் போகும் வரிசைக் கூண்டை வாங்கிக்கொண்டாள். காலை ஒன்பது மணிக்கு நீலக் கார் வந்து நின்றது. அவள் காசுக்காகக் கையை நீட்டினாள். பாடம் கற்றுக்கொண்டவள் அல்லவா.

மித்தர் பர்ஸை எடுக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, நேரே சுரங்க வாயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"அக்கா, என்கிட்ட சில்லறை இல்ல."

சட்டைப் பையில் பர்ஸ் புடைத்துக்கொண்டிருந்தது. கார்டு நுனிகூட வெளியே தெரிந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். தாரிங்கா தன் கைப்பையைத் திறந்து, இரண்டரை யூரோவை எடுத்துப் பெட்டியில் போட்டு, ரசீதைக் கிழித்து அவனிடம் கொடுத்தாள். மித்தர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த வருஷம் நான்தான் கட்டுவேன்" என்றான்.

"பாக்கலாம் போடா."

கம்பு உயர்ந்தது. நீலக் கார் சுரங்கத்துக்குள் நுழைந்து, பின்விளக்கு சிறுத்து மறைந்தது. அடுத்து வந்தது ஒரு சுத்தமான வெள்ளை வாடகைக் கார், மடி நிறையச் சில்லறையோடு ஒரு மனைவி, போக மட்டுமா வரவும் சேர்த்தா என்று ஒரு கணவர். தாரிங்கா நாற்காலியில் சாய்ந்தபடியே காசை வாங்கிச் சீட்டைக் கொடுத்தாள். தலையைத் தூக்கவில்லை.

அந்த வருடம் பாராட்டுத் தாள் வேறு யாருக்கோ போய்விட்டது.